அவர் காலடியில் இன்னொரு பிரேக்

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும் என்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும். வேறு யார் எழுதினாலும் தங்கமான மனிதர், பொறுமைசாலி, கோபமே வராது என்று நாலு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவளுக்குத்தான் தெரியும், அந்தப் பொறுமை எந்த மாதம் எந்தக் கிழமை வந்து சேர்ந்தது, அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒரே ஒரு கார், ஒரே ஒரு வாத்தியார், அவ்வளவுதான் எங்கள் டிரைவிங் ஸ்கூல். அதற்கு முன்னால் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் கடை கடையாக ரொட்டி இறக்குகிற வேலை. கூட வந்த லோடு ஆளுக்கு ஓய்வு நேரத்தில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த ஆள் லைசென்ஸ் வாங்கிவிட்டு ஓடி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டானாம். அன்றைக்கே இவர் முடிவு செய்துவிட்டார், இதுதான் நமக்கு வேலை என்று. எதையும் முடிவு செய்ய மாதக்கணக்கில் இழுப்பவர் வாழ்க்கையில் சட்டென்று எடுத்த ஒரே முடிவு அது. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போய்ச் சம்மதம் சொல்லவே மூன்று மாதம் ஆயிற்று, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் அவர் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'பிரேக் வாத்தியார்' என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டுக்கு வழி காட்டும். கற்றுக்கொடுக்கிற காரில் ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். படிக்கிறவர் தடுமாறினால் வாத்தியார் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். ஆபத்துக்கென்று வைத்த சமாச்சாரம். இவருக்கோ அது மூச்சு விடுகிற மாதிரி. தூரத்தில் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தால் மிதிப்பார். எதிர்த் தெருவில் ஒரு கிழவர் குடையை விரித்தால் மிதிப்பார். வலது கால் ஷூவின் அடி மட்டும் தேய்ந்து அப்பளம் போல ஆகிவிடும், இடது கால் ஷூ கடையில் வாங்கிய மாதிரியே பளபளவென்று இருக்கும். இப்படி ஒற்றை ஷூவாகவே எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கிறது.

வண்டியோடு நின்றால் பரவாயில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டின் அடியில் மிதிப்பார். ஆஸ்பத்திரி லிஃப்டில் என்னோடு வந்தபோது ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மிதி. எங்கள் மகள் சாப்பிட உட்கார்ந்து, "அப்பா, எனக்கு வெளியூர்ல ஒரு வேலை வந்திருக்கு" என்று ஆரம்பித்ததும் மேஜைக்கு அடியில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"பாக்கலாம்மா, அவசரம் ஒண்ணும் இல்லையே" என்றார்.

அந்த 'பாக்கலாம்' எட்டு மாதம் ஓடியது. பெண் முகம் சுண்டிப்போய் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சகித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் என்ன சொன்னாலும் ஸ்கூல் வாசலில் தொங்கும் பலகையைக் கை காட்டுவார். 'இருபத்தாறு ஆண்டுகள். ஒரு கீறல்கூட இல்லை.' அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் நர்ஸ். பத்தொன்பது வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில், பெரும்பாலும் ஒரே வார்டில். நோயாளி வருவார், பார்த்துக்கொள்வோம், கொஞ்சம் தேறியதும் வீட்டுக்கு அனுப்புவோம். போனவர் என்ன ஆனார் என்று தெரியாது. கால் விளங்காமல் போன அந்த டீச்சரம்மாவை வீட்டில் யாராவது திருப்பிப் படுக்க வைக்கிறார்களா? முதுகில் புண் வந்திருக்குமா? வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது இந்த மாதிரி முகங்கள்தான் கண்ணுக்கு முன்னால் வரும். அதனால் ஆஸ்பத்திரியில், வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க ஒரு நர்ஸ் வேண்டும் என்று அறிவித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முதல் ஆளாகப் போய் எழுதிக்கொடுத்தேன். தலைமை நர்ஸுக்கும் சந்தோஷம்தான்.

"உங்களத்தான் நெனச்சேன். ஆனா வண்டி நீங்களே ஓட்டணும். அடுத்த மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸ் கொண்டு வந்துடுங்க. இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பெண்டாட்டிக்கு நாற்பத்தாறு வயதில் வண்டி ஓட்டத் தெரியாது. சிரிக்காதீர்கள். கேட்கும்போதெல்லாம் 'பாக்கலாம்' வந்து குறுக்கே விழும். இந்தத் தடவை நான் விடவில்லை. பிடித்த பிடியில் நின்று கற்றுக்கொண்டேன். முதல் தேர்வில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தை இடித்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது தேர்வில் நடந்ததுதான் விஷயம்.

தேர்வு அதிகாரி ஒல்லியான மனிதர், கையில் பேனாவும் அட்டையும். பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திரும்பினேன், கை காட்டினேன், கண்ணாடி பார்த்தேன். அவர் சாதாரணமாக, "முன்னாடி பள்ளிக்கூடம் இருக்கு, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றார்.

நான் நடுரோட்டில் சடாரென்று நின்றுவிட்டேன்.

அவர் பேனா பறந்துபோய் எங்கோ விழுந்தது. பின்னால் வந்த வேன்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"நிக்கச் சொல்லலையே மேடம். மெதுவாத்தானே போகச் சொன்னேன்?"

"தெரியல சார். கால் தானா போயிடுச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிரேக் வாத்தியார்கிட்ட படிச்சீங்களா?"

"ஆமா சார்."

"அதானே பாத்தேன். அவர்கிட்ட படிச்சிட்டு வர்றவங்க எல்லாரும் 'மெதுவா'ன்னா நின்னுடுறாங்க. பாதிப் பேரு இதுலதான் போறாங்க. நல்ல மனுஷன், எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருக்கோம்."

அவர்தான் என் வீட்டுக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் விஷயம் அப்போதே பளிச்சென்று புரிந்துவிட்டது. எங்கள் காரில் 'மெதுவா' என்கிற சொல்லுக்கு அர்த்தமே வேறு. அவர் வாய் 'மெதுவா' என்று சொல்லும்போதே அவர் கால் மிதித்து வண்டி நின்றிருக்கும். ஒரு தடவையா, இரண்டு தடவையா? ஆயிரம் தடவை. காது அந்தச் சொல்லைக் கேட்டதும் உடம்பு நிற்கப் பழகிவிட்டது. இருபத்தாறு வருஷமாக ஊரில் பாதிப் பேருக்கு இவர் தமிழையே மாற்றிக் கற்றுக்கொடுத்திருக்கிறார்!

வெளியே காத்திருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு பேசாமல் வண்டியை எடுத்தார். நானா பேசாமல் வருவேன்? பாதி வழியில் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"உங்களாலதான் போச்சு."

"என்னாலயா? நான் பக்கத்துலயே இல்லையேம்மா?"

"நீங்க இல்லாததாலதான் போச்சு!" என்று கத்தினேன். கோபத்தில் வந்த வார்த்தை. என்ன சொன்னேன் என்று எனக்கே அப்போது தெரியாது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவ மிதிக்கிறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அஞ்சு. மிஞ்சிப் போனா ஆறு."

"அய்யோ சாமி! அஞ்சாம்! ஒரு மணி கட்டித் தொங்க விடுங்க, அப்பத் தெரியும் அஞ்சா அம்பதான்னு."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராக மெக்கானிக் ஷெட்டுக்கு வண்டியை விட்டார். மெக்கானிக் அண்ணன் ஒரு பழைய அழைப்பு மணியை எடுத்து, வாத்தியார் பிரேக்கை மிதித்தால் அடிக்கிற மாதிரி ஒயர் இழுத்து முன்னால் ஒட்டிக்கொடுத்தார். வீட்டு வாசலில் வைப்பார்களே, டிங் டாங் என்று, அதே மணி. "வாத்தியாரே, இந்த மணிக்கு இவ்வளவு வேலை தாங்குமான்னு தெரியல" என்று அவர் கிண்டல் செய்ததைக்கூட இவர் காதில் வாங்கவில்லை.

மறுநாள் எனக்கு விடுமுறை. காலையில் மூன்று பேருக்கு வகுப்பு இருந்தது. முதலில் தையல் கடை நடத்துகிற அம்மா. கிளம்பி முதல் திருப்பத்தில் டிங் டாங் என்றதும் அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "சார், யாரோ வந்திருக்காங்க" என்றாளாம். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கை கழுவினார், உட்கார்ந்தார், தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை?" என்றேன், ஜெயித்துவிட்ட மிதப்பில்.

"அறுபத்தொண்ணு." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "மத்தியானத்துக்குள்ள" என்றார்.

எனக்கு வாயில் வந்த கிண்டலெல்லாம் அப்படியே நின்றுபோயிற்று. அவர் முகம் அப்படி இருந்தது. ஐந்து என்று அவர் பொய் சொல்லவில்லை. ஐந்து என்றுதான் இருபத்தாறு வருஷமாக நம்பியிருக்கிறார். தன்னுடைய கால் என்ன செய்கிறது என்று தனக்கே தெரியாமல் ஒரு மனிதர் இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறார்.

மறுநாள் ஸ்கூல் வாசலில் 'இரண்டு நாள் விடுமுறை' என்று எழுதி ஒட்டிவிட்டார். சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போய்க் காரில் உட்கார்ந்தார். வீட்டு வாசலில் நிற்கிற காரில், சாவிகூடப் போடாமல், பக்கத்து இருக்கையில். ஓட்டுகிற இருக்கை காலி. ரேடியோ கிடையாது, போன் கிடையாது. அரை மணி நேரம் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டு வந்தார். அடுத்த நாளும் அப்படியே. வகுப்பு மறுபடி ஆரம்பித்த பிறகும் சாயங்காலம் ஆனால் அங்கேதான் உட்காருவார்.

எதிர்வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, வீட்டுல ஏதாவது சண்டையா? வாத்தியார உள்ள விடமாட்டேங்கிறியா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம். தேர்வுக்கு இன்னும் இருபது நாள்தான். எனக்குத் தலை போகிற அவசரம், இவர் காருக்குள் தவம் இருக்கிறார். ஐந்தாவது நாள் பொறுக்க முடியாமல் போய்க் கதவைத் திறந்து ஓட்டுகிற இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"என்னதாங்க பண்றீங்க இங்க?"

"யோசிக்கிறேன்."

"ஏங்க, அஞ்சு நாளாவா?"

"அறுபத்தொண்ணு இருக்கேம்மா" என்றார். "ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குறேன். எந்த எடம், முன்னாடி என்ன இருந்துச்சு, நான் மிதிக்கலன்னா என்ன ஆகியிருக்கும்னு. இன்னிக்குத்தான் முடிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"நாலு. நாலு தடவதான் மிதிச்சிருக்கணும். மீதி அம்பத்தேழும் சும்மா."

என்னமோ பெரியதாகச் சொல்லப்போகிறார் என்று மட்டும் தெரிந்தது.

"மொதல்ல பயம்னுதான் நெனச்சேன். எங்க இருந்து வந்துச்சு இந்த பயம்னு தேடினேன். பழைய ஆக்சிடெண்ட் ஏதாவது, அப்பா திட்டினது ஏதாவது இருக்கான்னு. ஒண்ணும் இல்ல. அப்புறம்தான் புரிஞ்சுது, பயம் இல்லம்மா. மிதிச்சதும் வண்டி நிக்கும் பாரு, அப்ப மனசுக்குள்ள ஒருத்தன் சொல்றான், 'நீ இல்லன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்'னு. அதக் கேக்க எனக்கு ருசியா இருந்திருக்கு. ஒரு நாளைக்கு நூறு தடவ அதக் கேட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு அசடு வழிய என்னைப் பார்த்தார். நாற்பத்தொன்பது வயது மனிதர், வாய்க்குள் மிட்டாயோடு பிடிபட்ட குழந்தை மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைப் பற்றி இப்படி உடைத்துப் பேசுகிற ஆளை நான் பத்தொன்பது வருஷ வார்டில்கூடப் பார்த்ததில்லை. சாகப் போகிறவர்கள்கூட மழுப்பித்தான் பேசுவார்கள்.

"நீ அன்னிக்கு சொன்னியே, 'நீங்க இல்லாததாலதான் போச்சு'ன்னு. அதுதாம்மா மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. நான் பக்கத்துல இருந்தா பயமில்லன்னுதான் எல்லாருக்கும் கத்துக் குடுத்திருக்கேன். ஆனா அவங்க ஓட்டப்போறது நான் இல்லாதப்பதானே? வண்டிய நிறுத்துறதுதான் என் வேலைன்னு இத்தன வருஷம் நெனச்சிட்டிருந்தேன். இல்ல. அவங்கள அனுப்பி வைக்கிறதுதான் என் வேலை."

தெருவில் யாரோ துணி உதறிக் காயப்போடுகிற சத்தம் கேட்டது. எனக்கும் உள்ளே என்னமோ இடித்தது. வார்டில் தண்ணீர் டம்ளரைத் தானே எடுக்கக் கை நீட்டுகிற நோயாளியிடமிருந்து நான் எத்தனை தடவை வெடுக்கென்று பிடுங்கி, 'நான் தர்றேன், விடுங்க' என்று சொல்லியிருக்கிறேன்? அவருக்குக் காலில் இருந்தது எனக்குக் கையில் இருந்திருக்கிறது. அதை அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வராது.

அதற்கப்புறம் அவர் ஒரு வழி வைத்துக்கொண்டார். கால் மேலே எழும்பினால் முதலில் மூச்சை முழுவதும் வெளியே விடுவது. விட்டு முடித்த பிறகும் மிதிக்கத் தோன்றினால் மிதிப்பது. அந்த ஒரு மூச்சுக்குள் எதிரில் இருக்கிறது நிஜமா, மனசு காட்டுகிற படமா என்று தெரிந்துவிடுமாம். நாய் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும், கிழவர் குடையோடு அவர் பாட்டுக்கு ஓரமாகப் போவார். நாள் முழுக்க நாற்பது மணி அடித்தது. பிறகு இருபத்திரண்டு. ஒருநாள் திடீரென்று ஐம்பதுக்கு ஏறிவிட்டது, அன்றைக்கு மழை. பிறகு பதினொன்று.

பதினொன்று அடித்த அன்றுதான், இவரிடம் ஓட்டப் படிக்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், பழகுகிற மைதானத்து வாசல் தூணில் காரை உரசிவிட்டார். இவர் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தாராம், அதற்குள் உரசிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் முதல் கீறல், கதவு நீளத்துக்கு. கண்ணாடிக் கடைக்காரர் வெலவெலத்துப் போய் நின்றிருக்கிறார். இவர் இறங்கிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறீங்க, தூணு தெரியலையா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். அந்த மனிதரே என்னிடம் வந்து சொன்னார், "உங்க வீட்டுக்காரர் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லைங்க" என்று. அன்று சாயங்காலம் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து பரணில் போட்டார். போட்டுவிட்டு நேராக மகளிடம் போனார்.

"அந்த வேலை இன்னும் இருக்காம்மா?"

"கேட்டுப் பாக்கணும்ப்பா. ஏன்?"

"கேளு. இருந்தா எப்பக் கிளம்பணும்னு சொல்லு, பெட்டி வாங்கலாம்."

அவள் என்னிடம் சமையலறைக்கு ஓடி வந்து, "அம்மா, அப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். அந்த வேலை போயிருந்தது. ஆனால் அதே கம்பெனியில் இன்னொன்று இருந்தது. ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டாள்.

எல்லோருக்கும் விடிந்தது. எனக்கு? தேர்வுக்கு நாலு நாள்தான் பாக்கி. தினமும் காலையில் ஓட்டினேன். நன்றாகவும் ஓட்டினேன். ஆனால் அவர் 'மெதுவா' என்றால் என் கால் இன்னும் போய் அழுத்தி நின்றது. அவர் திருந்திவிட்டார், என் கால் திருந்தவில்லை. எனக்கு வந்த எரிச்சலைக் கேட்கவே வேண்டாம்.

தேர்வுக்கு முந்தின நாள். மேட்டிலிருந்து இறங்கி நாலு ரோடு சேருகிற இடத்துக்கு வருகிறோம். முன்னால் கம்பி ஏற்றிய ஒரு லாரி. திடீரென்று அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு நொடி, சத்தியமாகச் சொல்கிறேன், நான் லாரியைப் பார்க்கவில்லை, அவர் காலைப் பார்த்தேன். மிதிக்கப் போகிறார், மணி அடிக்கப் போகிறது என்று காத்திருந்தேன். மணி அடிக்கவில்லை. அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நீளமாக, நிதானமாக. அடுத்த கணம் என் கண் லாரி மேல் போயிற்று. கால் தானாக இறங்கியது. வெடுக்கென்று அல்ல, அழுத்தமாக, அளவாக. கம்பி முனைக்கு ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது.

இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது.

"நீங்க மிதிப்பீங்கன்னு பாத்தேன்" என்றேன்.

"நீ மிதிப்பேன்னு நானும் பாத்தேன்" என்றார். அவர் கை இருக்கையின் ஓரத்தைக் குரங்குப் பிடியாகப் பிடித்திருந்தது.

"பாவி மனுஷா! நான் மிதிக்கலன்னா?"

"நீ மிதிச்சியே."

அவ்வளவுதான் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ டாக்டர்கள் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குப் பக்கத்தில் வைக்க ஒன்றுமில்லை. அன்றைக்கு வீடு திரும்புகிற வழியில் அவர் நாலைந்து தடவை 'மெதுவா' என்றார். ஒரு தடவைகூட நான் நிற்கவில்லை.

தேர்வு நாள். அதே அதிகாரி. என்னைப் பார்த்ததும் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டதை நான் கவனிக்காமல் இல்லை. இன்றைக்குப் போனால் போனதுதான், அந்த வேலை இன்னொருத்திக்கு, அந்த டீச்சரம்மா வீட்டுப் படி ஏற எனக்கு வழியே இல்லை. சாவியைத் திருப்பினேன். பின்னால் எடுத்தேன், கம்பம் தப்பியது. மேட்டில் நிறுத்தி எடுத்தேன். கடைத்தெருவைத் தாண்டினோம். பள்ளிக்கூடச் சாலை வந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் மெதுவாப் போங்க."

கால் எழும்பியது. பொய் சொல்லமாட்டேன், எழும்பியது. மூச்சை வெளியே விட்டேன். சாலை முழுவதும் என் கண்ணுக்குத் தெரிந்தது, இந்த ஓரம் சைக்கிள், அந்த ஓரம் பை மாட்டிய இரண்டு பெண் குழந்தைகள், நடுவில் நான் போக வேண்டிய வழி. காலை இறக்கி மெல்லத் தொட்டேன். வேகம் குறைந்தது. வண்டி நிற்கவில்லை. மெதுவாகப் போயிற்று. அடடா, அந்தச் சொல்லுக்கு இவ்வளவு அழகான அர்த்தமா என்று இருந்தது.

அதிகாரி அட்டையில் எழுதினார். எழுதிவிட்டு, "மேடம், ஸ்கூல மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அதே ஸ்கூல்தான். வாத்தியார்தான் மாறிட்டார்" என்றேன். "அவர் என் வீட்டுக்காரர்." இந்தத் தடவை வாய் நன்றாக வந்தது.

வெளியே மரத்தடியில் நின்றிருந்தார். நான் இறங்கி வந்த நடையிலேயே தெரிந்திருக்கும். இருந்தாலும் கேட்டார். நான் 'பாஸ்' என்று எழுதிய தேர்வுச் சீட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். படித்தார், இன்னொரு தடவை படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அங்கே நின்றே தலைமை நர்ஸுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "திங்கட்கிழமையே மொத வீட்டுக்குக் கிளம்பிடுங்க" என்றார் அந்த அம்மா. தேர்வுக்கு வந்திருந்த கூட்டமெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே!

வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குப் பேச்சு நிற்கவில்லை. அந்த அதிகாரி மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீங்க, சைக்கிள்காரன் குறுக்கே வந்தான் பாருங்க, திங்கட்கிழமைக்கு என்ன பை எடுத்துக்கொண்டு போவது என்று கொட்டிக்கொண்டே வந்தேன். பதிலே இல்லை. என்ன மனுஷன் இவர், இன்றைக்குக்கூடவா 'ம்' போடமாட்டார் என்று சிக்னலில் நின்றதும் திரும்பினேன்.

தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டையோடு. இருபத்தாறு வருஷமாக அந்த இருக்கையில் ஒரு நிமிஷம்கூடக் கண் அயராத மனிதர். ஊரில் யார் ஓட்டியும் வராத தூக்கம் அவருக்கு நான் ஓட்டும்போது வந்திருந்தது.

பச்சை விழுந்தது. சத்தமில்லாமல் எடுத்தேன். எங்கள் தெரு முனை வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. திருப்பாமல் நேராகப் பெரிய சாலைக்கு விட்டேன்.